மாலை கழற்றிய மறுநாள்: தினசரி உடற்பயிற்சி ஏன் நின்றுபோகிறது?

கார்த்திகை ஒன்றாம் தேதி விடியுமுன்பே செங்கோட்டைத் தெருக்களில் வாளித் தண்ணீர் சத்தம் கேட்கும். முந்தின நாள் வரை ஏழு மணிக்கு எழுப்பினாலும் புரண்டு படுத்தவர், நாலரைக்குப் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு விளக்கு முன் நிற்பார். மழை, மலைக்காற்று, பிரானூர் மர மில்லில் நாள் முழுக்கத் தடி புரட்டிய அலுப்பு எதுவும் கணக்கில் வராது. 41 நாள் அப்படி. சபரிமலைக்குப் போய்த் திரும்பி வந்து மாலையைக் கழற்றுகிறார். மறுநாள் பழையபடி ஏழு மணி.

இதே ஆளிடம் நடைப்பயிற்சி பற்றிப் பேசினால், "எனக்கு அந்த வில்பவர் எல்லாம் கிடையாது அண்ணாச்சி" என்பார். 41 நாள் இருந்த வில்பவர் 42-வது நாள் எங்கே போயிற்று? அவரிடமிருந்து எதுவும் போகவில்லை. அத்தனை நாளும் வேலை பார்த்தது மாலை.

மாலை என்ன செய்கிறது என்று பிரித்துப் பார்த்தால், தினசரி உடற்பயிற்சிக்கு வேண்டியவை ஏறக்குறைய எல்லாமே அதில் இருக்கின்றன. எழுவதா வேண்டாமா என்ற கேள்வி காலையில் வருவதில்லை; மாலை போட்ட அன்றே அது தீர்ந்துவிட்டது. நேரம் மாறாது. வரிசை மாறாது: எழுந்து, குளித்து, விளக்கேற்றி, சரணம் சொல்ல வேண்டும். கழுத்தில் கிடப்பது நாள் முழுக்கக் கையில் தட்டுப்படுகிறது. எதிர்வீட்டுக்காரர் "சாமி, குளிச்சாச்சா?" என்று கேட்கிறார். தவறினால் குருசாமி முகத்தில் விழிக்க வேண்டும். அதோடு, அவர் "குளிக்க முயற்சி பண்ணிக்கிட்டிருக்கேன்" என்று சொல்வதில்லை. "மாலை போட்டிருக்கேன்" என்கிறார். பேச்சு அத்தோடு முடிந்தது.

பெண்களுக்கு இதே வேலையை மார்கழி செய்கிறது. பனியில் வாசல் தெளித்து, புள்ளி வைத்து, அரைமணி நேரம் குனிந்து நிமிர்ந்து கோலம் போடுகிறவர்கள், தை பிறந்ததும் இரண்டு கோடு இழுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள்.

இரண்டிலும் ஓட்டை ஒன்றுதான்: முடிவுத் தேதி. தேதி வந்ததும் தூண்டிவிட்ட பொருளும் போகிறது, பார்த்துக்கொண்டிருந்த கண்களும் போகின்றன. ஆகவே, மாலையின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, முடிவுத் தேதி இல்லாமல் உடற்பயிற்சிக்குப் பொருத்துவதைத்தான் இந்தக் கட்டுரை ஒழுங்கு என்கிறது. மனசைத் திட்டுவதற்கு இதில் இடமில்லை.

எத்தனை நாளில் பழகும்?

"21 நாள் விடாமல் செய்தால் பழகிவிடும்" என்பது வாட்ஸ்அப்பில் சுற்றும் கணக்கு. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதிய புத்தகத்தில், முகத்தில் அறுவை செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று குறிப்பிட்டிருந்தார். வழியில் 'குறைந்தது' உதிர்ந்துவிட்டது, முகம் இருந்த இடத்தில் உடற்பயிற்சி வந்து உட்கார்ந்துகொண்டது.

அளந்து பார்த்த கணக்கு வேறு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர, நடுக்கணக்காக 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகலாம் என்று மதிப்பிட்டார்கள். சாப்பாட்டோடு ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் பழகின. உடற்பயிற்சிக்கு அதைவிட அதிக நாள் பிடித்தது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒரு மாதத்தில் "இன்னும் கஷ்டமாத்தான் இருக்கு" என்றால் உங்களிடம் குறை ஒன்றும் இல்லை. மூன்று மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் உடைவதில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. விரதத்தில் ஒரு நாள் தவறினால் போட்ட கணக்கு போச்சு என்று மனசு நினைக்கும். உடம்புக்கு அந்தச் சாஸ்திரம் தெரியாது.

கொக்கி போடுவது

பழக்கத்தின் முதல் உறுப்பு தூண்டுகிற ஒன்று. அதைக் கொக்கி என்று வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே தினமும் தவறாமல் நடக்கும் ஒரு வேலையில் புதிய வேலையை மாட்டிவிட வேண்டும்.

எல்லா வேலையும் கொக்கி ஆகாது. "பாலை அடுப்பில் வைத்ததும் பயிற்சி" என்று மாட்டினால் மூன்றாம் நாள் பால் பொங்கி, அதோடு பயிற்சியும் அணைந்துவிடும். கொக்கி என்பது முடிந்துபோகிற வேலையாக இருக்க வேண்டும்: பல் தேய்த்து வாய் கொப்பளித்தாயிற்று, பிள்ளைகளின் பள்ளி வேன் தெருமுனை திரும்பியாயிற்று, மாலை விளக்கு ஏற்றியாயிற்று. "வேலை முடிஞ்சு வந்ததும்" என்பதும் நிற்காது. மில்லில் ஒரு நாள் ஆறு மணி, லோடு வந்தால் எட்டு மணி. "நேரம் கிடைக்கும்போது" என்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அந்த நேரம் யாருக்கும் கிடைத்ததில்லை.

கொக்கி கிடைத்ததும் ஒரு வாக்கியம் எழுதுங்கள். மனசுக்குள் சொல்லிக்கொண்டால் போதாது, தாளில் எழுத வேண்டும். எது முடிந்ததும், எங்கே, எத்தனை நிமிடம், என்ன செய்வேன் என்ற நாலும் அதில் வர வேண்டும்.

"வேன் போனதும், வீட்டிலிருந்து ரயில்வே கேட் வரைக்கும் போய்த் திரும்ப, 10 நிமிடம் நடப்பேன்."

இவ்வளவுதான். பள்ளிப் பிள்ளை வேலை மாதிரி தெரியும். 2002-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில் 248 மாணவர்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு உடற்பயிற்சி பற்றி எதுவும் சொல்லவில்லை. இன்னொன்றுக்கு இதயநோய் பற்றியும் உடற்பயிற்சியின் பலன் பற்றியும் படிக்கக் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவு அதையும் படித்து, அடுத்த வாரம் எந்த நாள், எந்த நேரம், எங்கே செய்வோம் என்றும் எழுதியது. அந்த வாரத்தில் ஒரு முறையாவது 20 நிமிடம் உடற்பயிற்சி செய்தவர்கள் முதல் பிரிவில் 38 சதவீதம், இரண்டாவதில் 35, மூன்றாவதில் 91. மாரடைப்பு பற்றிப் படித்த பிரிவு, அதைப் படிக்காத பிரிவைத் தாண்டக்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். காலை வணக்கத்தோடு இதயப் படம் போட்டு அனுப்பும் குரூப்கள் யாரையும் நடக்க வைக்காததன் ரகசியம் இதுதான்.

மாலை கழற்றியவர்களுக்குக் கொக்கி தயாராகவே இருக்கிறது. 41 நாள் பழகிய நாலரை மணி விழிப்பு மறுநாளும் உடம்பில் இருக்கும். ஒரு வாரம் அதைப் பயன்படுத்தாவிட்டால் கரைந்துவிடும். அலாரத்தை அழிக்காமல், குளியலுக்கு முன்னால் 10 நிமிடப் பயிற்சியை அந்த இடத்தில் வையுங்கள். தை மாதத்தில் ஆறரை தாண்டித்தான் சூரியன் உதிக்கும் என்பதால் அது வீட்டுக்குள் செய்யும் பயிற்சியாக இருப்பது நல்லது. விழித்திருக்கும் காரணம் மாறினாலும் விழிப்பு தொடரும்.

எவ்வளவில் தொடங்குவது?

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும். அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசையை வலுவாக்கும் பயிற்சி. மிதமான என்றால், நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட மூச்சு காணக் கூடாது. கூட வருகிறவரிடம் ஊர்க்கதை தாராளமாகப் பேச முடிகிறது, ஒரு சரணம் இழுத்துப் பாடவும் முடிகிறது என்றால் வேகம் போதாது.

150 என்பது இலக்கு. அதையே முதல் நாளில் தொடக் கூடாது. முதல் இரண்டு வாரம் தினமும் 10 நிமிடம். அதற்குமேல் ஆசையாக இருந்தாலும் நிறுத்துங்கள். மூன்றாம், நாலாம் வாரம் 15. அடுத்த இரண்டு வாரம் 20. இப்படி இரண்டு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டினால் ஒன்பதாம் வாரம் 30-ல் நிற்பீர்கள். வாரம் ஐந்து நாள் வைத்தாலே 150 வந்துவிடும்.

ஏன் இந்த ஆமை வேகம்? முதல் நாள் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தவர்களின் கதை மூன்றாம் நாள் முடிவது வழக்கம். பழகாத தசை செய்த அன்று வலிக்காது. 12 முதல் 24 மணி நேரத்தில் பிடிக்கத் தொடங்கி, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். மாடிப்படி இறங்கும்போது தொடையைப் பிடித்துக்கொள்ளும் வலி அதுதான். இறக்கத்தில் நடந்தால் இது இன்னும் கூடும், ஏனென்றால் இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்குகிறது. குண்டாறு அணைப் பக்கம் ஏறிப் போய்விட்டு வந்தவர்கள் "ஏத்தத்தில ஒண்ணும் தெரியலை, மறுநாள்தான் தெரிஞ்சுது" என்று சொல்வது இதனால்தான். முதல் மாதம் சமதரையே போதும்.

நடக்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புளியரையிலிருந்து ஆரியங்காவு ஏறும் நெடுஞ்சாலை நடைப்பயிற்சிக்கான இடம் இல்லை. வளைவில் லாரி வருவது தெரியாது. மண்டல காலத்தில் விடியுமுன் ஐயப்ப பக்தர்களின் வேன்களும் சேர்ந்துகொள்ளும், ஓட்டுநர்கள் ராத்திரி முழுக்கத் தூங்காதவர்கள். பள்ளி மைதானம், வயக்காட்டுப் பாதை, ஊருக்குள் தெருக்கள் நல்லவை. சாலையில்தான் நடக்க வேண்டும் என்றால் வலது ஓரத்தில், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, வெளிர் நிறச் சட்டையில் நடங்கள்.

சாரல் வந்தால்

இந்தப் பக்கத்தில் பழக்கத்தை உடைப்பது சோம்பலை விட சாரல். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவு கணவாய் வழியே புகுந்ததும் செங்கோட்டை, குற்றாலம், தென்காசி எங்கும் ஆகஸ்ட் வரை விட்டுவிட்டுத் தூறும். கொட்டும் மழை என்றால்கூட முடிவெடுப்பது சுலபம். சாரல் அப்படி இல்லை. கதவைத் திறந்தால் நின்றதுபோல் இருக்கும், நாலு வீடு தாண்டினால் முகத்தில் அடிக்கும். குடை பிடித்தால் காற்று மேலே தூக்கி மடக்கிவிடும். "சாரல் விழுது, நாளைக்குப் பாப்போம்" என்று கூட வருகிறவர் சொல்வார். ஒவ்வொரு காலையும் வானத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது என்பதே சிக்கல். மாலை ஒழித்துவைத்திருந்த கேள்வி இங்கே தினமும் திரும்ப வருகிறது.

ஆகவே வைகாசியிலேயே இரண்டாவது வாக்கியம் ஒன்று எழுதி முதல் வாக்கியத்துக்குக் கீழே ஒட்டிவிடுங்கள்: "வாசலில் தரை நனைந்திருந்தால், அதே நேரத்தில், முன் அறையில், 12 நிமிடப் பயிற்சி." வானத்தைப் பார்க்க வேண்டாம், தரையைப் பார்த்தால் போதும்.

அந்த 12 நிமிடம் இப்படி. முதல் 2 நிமிடம் நின்ற இடத்திலேயே முழங்காலை உயர்த்தி நடை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 தடவை. கையை ஊன்றாமல் எழ வேண்டும். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணிக்கொண்டே இறங்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் பின்னால் வழுக்கும், சாரல் காலத்தில் தரை ஈரம் வேறு. நாற்காலியின் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அடுத்து, சுவரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி நின்று, உள்ளங்கையை மார்பு உயரத்தில் பதித்து, முழங்கையை மடக்கி மூக்கு சுவர் பக்கம் போய்த் திரும்புவது 10. முதுகு பலகை மாதிரி இருக்க வேண்டும். இடுப்பு பின்னால் தள்ளினால் கைக்குப் போக வேண்டிய பாரம் போகாது. பிறகு சுவரைத் தொட்டபடி குதிகாலை உயர்த்தி இறக்குவது 15. பாயில் மல்லாந்து முழங்காலை மடக்கி இடுப்பை மட்டும் தூக்கி இரண்டு எண்ணி இறக்குவது 10. இந்த நாலையும் நிதானமாக இரண்டு சுற்று செய்து, கடைசியில் ஒரு நிமிடம் மெல்ல நடந்தால் 12 நிமிடம் ஆகியிருக்கும். வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி வேண்டும் என்றோமே, அந்தக் கணக்கும் இதில் தீர்ந்துவிடுகிறது. சாரல் உண்மையில் நன்மைதான் செய்கிறது.

மொட்டைமாடியில் நடக்கிறேன் என்று போகாதீர்கள். சாரல் காலத்தில் அங்கே படரும் பாசியில் ரப்பர் செருப்பு நிற்காது. ஷூ நனைந்துவிட்டால் பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து, ஒரு மணி நேரம் கழித்து ஈரத்தாளை மாற்றி வேறு தாள் வைத்தால் மறுநாளுக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும். அடுப்புப் பக்கத்தில் வைத்தால் அடிப்பாகத்தின் பசை விட்டுப்போகும். ஈர ஷூ சின்ன விஷயம்தான், ஆனால் விடியற்காலையில் அதற்குள் காலை நுழைக்க மனசு வராமல் திரும்பிப் படுத்தவர்கள் அதிகம்.

கண்ணில் படும்படி

மாலை கழுத்தில் கிடந்தது போல, பயிற்சிக்கும் கண்ணில் படும் ஒன்று வேண்டும். தினத்தாள் கிழிக்கும் காலண்டர் இதற்கு ஆகாது, கிழித்தால் கணக்கும் குப்பைக்குப் போய்விடும். மாதத் தாளாக இருக்கும் காலண்டரைக் கொக்கி நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில், வாஷ்பேசின் அருகிலோ வாசல் நிலையிலோ மாட்டி, பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். செய்த நாளுக்கு ஒரு வட்டம். செய்யாத நாளை வெறுமையாக விடுங்கள், பெருக்கல் குறி போட்டுத் தன்னைத் தண்டிக்க வேண்டாம்.

இதில் ஒரே ஒரு விதி: இரண்டு வெற்று நாள் அடுத்தடுத்து வரக் கூடாது. மறுநாள் என்ன ஆனாலும் குறைந்தபட்சமாவது செய்ய வேண்டும். குறைந்தபட்சம் என்றால் 2 நிமிடம்; நாற்காலியில் 10 தடவை உட்கார்ந்து எழுந்தால்கூட வட்டம் போடலாம். ஏமாற்று வேலை போலத் தெரியும். அந்த 2 நிமிடம் தசைக்கு ஒன்றும் செய்யாதுதான், கொக்கி துருப்பிடிக்காமல் இருக்க அது போதும்.

போனில் அடிகளை எண்ணுவது வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். 10,000 அடி என்ற எண் மருத்துவர்களிடமிருந்து வந்ததில்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரே அவர்கள் மொழியில் 'பத்தாயிரம் அடி அளவி' என்பதுதான். 4,000-ல் நின்ற நாளில் தோற்றதாகத் தோன்றும் என்பதால், தொடக்கக்காரர்களுக்கு வட்டமே மேல்.

கூட ஒருவர் இருந்தால் குருசாமி இருந்த மாதிரி. ஆனால் அவர் வராத நாள் உங்களுக்கும் லீவு ஆகிவிடுகிறது. "அஞ்சு நிமிஷம் பாப்பேன், வரலைன்னா கிளம்பிருவேன்" என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். மைனியும் நாத்தனாரும் சேர்ந்து நடக்கும் வீடுகளில் இந்த ஐந்து நிமிட ஒப்பந்தம் நிறைய மனஸ்தாபத்தைத் தவிர்க்கும்.

எடை பார்க்கும் மெஷினைக் கூலியாக வைத்துக்கொள்ள வேண்டாம். 65 கிலோ உள்ளவர் அரைமணி நேரம் விறுவிறுவென்று நடந்தால் செலவாவது சுமார் 100 முதல் 150 கலோரி. பிரானூர் பார்டர் கடைகளில் சால்னா ஊற்றிய ஒரே ஒரு பரோட்டா அதைத் தாண்டிவிடும், யாரும் அங்கே ஒன்றோடு எழுவதில்லை. மாதக் கடைசியில் முள் அசையாததைப் பார்த்து நிறுத்தியவர்கள், அதற்குள் மாடி ஏறும்போது மூச்சு வாங்குவது குறைந்திருந்ததைக் கவனித்திருக்க மாட்டார்கள். தூக்கம், மூச்சு, நாற்காலியிலிருந்து எழும் சுலபம் இவைதான் முதலில் மாறும்.

சர்க்கரை, நெஞ்சுவலி உள்ளவர்கள்

நடக்கும்போது நெஞ்சை அழுத்தினாலோ, இடது தோளுக்கோ தாடைக்கோ வலி பரவினாலோ, மயக்கம் வந்தாலோ அங்கேயே நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதயநோய் ஏற்கெனவே இருப்பவர்கள் தொடங்கும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சர்க்கரைக்கு இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பிடாமல் நடக்கக் கூடாது. கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டினால் சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையை, ஏறக்குறைய 15 கிராம், தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் உட்கார வேண்டும். அந்தச் சர்க்கரையை ஒரு பொட்டலமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே கிளம்புவது நல்லது. வெறுங்காலில் நடப்பதும் இவர்களுக்கு ஆகாது; காலில் முள் குத்தியது தெரியாமலே புண்ணாகிவிடும். இவர்களுக்குச் சிறந்த கொக்கி ராத்திரிச் சாப்பாடு. கை கழுவியதும் 10, 15 நிமிடம் நடந்தால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும்.

விட்டுப்போனால்

விட்டுப்போகும். சித்திரையில் கல்யாண வீடு, ஆடியில் காய்ச்சல், ஐப்பசியில் தீபாவளி. ஒரு வாரத்துக்குள் என்றால் விட்ட இடத்திலேயே தொடரலாம். இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகிவிட்டால் பாதியிலிருந்து: 30 நிமிடம் நடந்தவர் 15-ல் தொடங்கி, வாரம் 5 நிமிடம் கூட்டினால் மூன்றே வாரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடுவார். முதல் தடவை போல இரண்டு மாதம் காக்க வேண்டியதில்லை. காய்ச்சல் இருக்கும்போது 2 நிமிட விதிகூட வேண்டாம். காய்ச்சல் விட்டு ஒரு நாள் முழுக்கக் கழிந்த பிறகு, எழுதி ஒட்டிய வாக்கியத்தை எடுத்து, கொக்கி இன்னும் நடக்கிறதா என்று பாருங்கள். கோடை விடுமுறையில் பள்ளி வேன் வராது. வேனில் மாட்டியிருந்த நடை ஏப்ரல் கடைசியில் நிற்பதற்கும், ஜூனில் வேன் வந்த பிறகும் சாரலில் மாட்டித் திரும்பத் தொடங்காமல் போவதற்கும் காரணம் அதுதான். மே மாதத்துக்கு மட்டும் வேறொரு கொக்கி எழுதி, அதையும் அதே காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும்.